கடைக் கொப்பியும் கையில் வரும் காசும்

திருகோணமலை மாவட்டத்து மூதூர்ப் பக்கத்தில் என் சின்னம்மாவுக்கு ஒரு கடை இருக்கிறது. கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டின் முன்னறைச் சன்னலை அகலமாக்கி, கீழே ஒரு பலகை அடித்து, மேலே ஷாம்பூ பக்கற்றுகளைத் தொங்கவிட்டிருக்கிறார். பலகைக்கு உள்பக்கம் ஒரு சீஆர் கொப்பி நூலில் கட்டித் தொங்கும். ஊரின் கடன் முழுக்க அதற்குள்தான். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். பெயர் எழுதும் வழக்கம் இல்லை. "வேம்படி", "கிணத்தடி", "தோணிக்காரர்" என்று அடையாளம் மட்டும். அதன் கீழே சின்னம்மாவின் சரிந்த எழுத்தில் "அரிசி 2, பருப்பு கால், தேங்காய் பாதி, ரீலோட் 100" என்று வரிசை இறங்கும்.

சென்ற முறை போனபோது அந்தக் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். யாருடைய கணக்கு என்று கேட்கக் கூடாது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். கார்த்திகை, மார்கழியில் வரிகள் நெருக்கியடித்துக் கிடந்தன. பக்கம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருந்தார். வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும் காலம், வயலில் நெல் இன்னும் பச்சையாக நிற்கும் காலம். பங்குனியில் வெட்டு முடிந்ததும் குறுக்கே ஒரு பெரிய கோடு. இடையிடையே "அஸ்" என்று இரண்டெழுத்து, பக்கத்தில் ஒரு தொகை. அது என்னவென்று கேட்டேன்.

"அது அஸ்வெசும காசு மகன். எக்கவுண்டில விழுந்தா அண்டைக்கே வந்து கட்டிருவாங்க."

ஏழைக் குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கும் காசுதான் அஸ்வெசும. இந்தக் கட்டுரை அந்த இரண்டெழுத்தைப் பற்றியது.

அரிசியோ பருப்போ தையல் மெசினோ கொடுக்காமல், காசையே ஏழைக் குடும்பத்தின் கையில் கொடுத்து "உங்களுக்குத் தேவையானதை நீங்களே பாருங்கள்" என்று விடுவதுதான் நேரடிக் காசு உதவி. மாதாமாதம் சிறு தொகையாக வரலாம், ஒரே தடவையில் பெரிய தொகையாகவும் வரலாம். பிள்ளை பாடசாலைக்குப் போனால்தான் காசு என்று நிபந்தனையோடும் வரும். மெக்சிக்கோ 1997இல் தொடங்கிய திட்டம் அந்த வகை. நம் இலங்கையில் 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி, 2023 ஆடியிலிருந்து அஸ்வெசும. மூன்றுக்கும் பெயர் வேறு, ஆட்சி வேறு. கிராமத்தில் கேட்டால் "நிவாரணக் காசு" என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்.

அஸ்வெசுமவில் வறியவர் என்று பதிவான குடும்பத்துக்கு 2025 தை முதல் மாதம் 10,000 ரூபாய், மிக வறியவர் என்றால் 17,500. தொகையைக் கேட்டதும் சிலர் புருவத்தை உயர்த்துவார்கள், சும்மா இருக்க இவ்வளவா என்று. சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஐந்து பேர் உள்ள வீட்டில் 10,000 ரூபாயை 30 நாளுக்குப் பிரித்தால் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 66 ரூபாய் சொச்சம். ஒருவர் அடிப்படைத் தேவைகளோடு வாழ மாதம் 16,000 ரூபாய்க்கு மேல் வேண்டும் என்று அரசாங்கத்தின் வறுமைக் கோடே சொல்கிறது. ஐந்து பேருக்கு 80,000. அதில் எட்டில் ஒரு பங்குதான் இந்தக் காசு. இதை வைத்துக்கொண்டு யாரும் வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது.

அடுத்த கேள்வி எப்போதும் வருவதுதான்: காசைக் கொடுத்தால் குடித்துவிடுவார்களே? உலக வங்கியில் இருந்த இரண்டு ஆய்வாளர்கள், பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளை எடுத்து இந்த ஒரு கேள்வியை மட்டும் தோண்டினார்கள். உதவிக் காசு கிடைத்ததால் மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடியது என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் கிடைக்கவில்லை. சில இடங்களில் குறைந்தே இருந்தது. கசிப்புக் குடிக்கிறவர் திருந்திவிடுவார் என்று இதற்குப் பொருள் இல்லை. அவர் குடிக்கும் காசு பெரும்பாலும் அன்றன்று கையில் விழும் கூலிக் காசு. வங்கிக் கணக்கில் மாதம் ஒருமுறை விழுவதற்கோ, விழும் முன்னரே வீட்டில் பத்துக் கணக்கு காத்திருக்கும். எனக்கு இந்தக் கேள்வியே கொஞ்சம் எரிச்சல். மாதச் சம்பளக்காரரிடம் யாரும் இதைக் கேட்பதில்லை.

அப்படியானால் காசு எங்கே போகிறது? முதலில் சட்டிக்குள் போகிறது. கென்யாவின் சியாயா பகுதியில் கிவ்டைரக்ட்லி என்ற அமைப்பு எந்த நிபந்தனையும் இல்லாமல் காசு கொடுத்ததை 2011 முதல் 2013 வரை ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். யாருக்குக் கொடுப்பது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்ததால், கிடைத்தவரையும் கிடைக்காதவரையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. கிடைத்த வீடுகளில் சாப்பாடு கூடியது, ஆடு மாடு கூடியது, மனக்கவலை குறைந்தது. பலர் புல் கூரையைக் கழற்றிவிட்டுத் தகரம் போட்டார்கள்.

தகரம் என்றதும் ஆடம்பரம் என்று தோன்றலாம். கிடுகு வேய்ந்த வீட்டில் இருந்தவருக்குத் தெரியும். ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கிடுகு வாங்க வேண்டும், வேய ஆள் பிடிக்க வேண்டும், மாரிக்கு முன் முடிக்க வேண்டும். ஏழையின் வீட்டுக்குத்தான் வருடாவருடம் செலவு. வசதியானவர் ஒருமுறை ஓடு போட்டுவிட்டு மறந்துவிடுகிறார். மொத்தமாகக் காசு இல்லாததால் சில்லறையாக அதிகம் செலவழிப்பது என்ற இந்த விஷயம் வறுமையில் எங்கும் பரவிக் கிடக்கிறது. பாதித் தேங்காய் வாங்குகிறவர், இரண்டு பாதிக்கும் சேர்த்து முழுத் தேங்காயின் விலையை விடக் கூடவே கொடுக்கிறார். இதைச் சின்னம்மாவே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்வார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். என்ன வாங்கினார்கள் என்று பார்ப்பதிலேயே நாம் மினைக்கெடுகிறோம். இந்தக் காசின் பெரிய வேலை, குடும்பம் செய்யாமல் தவிர்த்துக்கொள்ளும் காரியங்களில் இருக்கிறது என்பது என் எண்ணம். 

தம்பலகாமம் பக்கத்தில் ஒரு ஏக்கர் குத்தகைக்குச் செய்யும் குடும்பம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பெரும்போகம் வெட்டி முடிகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் வெட்டுவதால் அந்தக் கிழமைதான் நெல் விலை அடிமட்டத்தில் நிற்கும். காய வைத்து இரண்டு மாதம் மூட்டையில் வைத்திருந்தால் விலை ஏறும். இது விவசாயிக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் கடைக் கொப்பி இருக்கிறது, உரக் கடன் இருக்கிறது, கிழமைக்கு ஒருமுறை லோன் காசுக்கு வாசலில் வந்து நிற்கும் ஆள் இருக்கிறார். ஈர நெல்லை வயலிலேயே லொறிக்குப் போட்டுவிடுகிறார். மாதம் தவறாமல் ஒரு தொகை வருகிறது என்றால் பத்து மூட்டையில் நாலையாவது பிடித்து வைக்கலாம். அந்த நாலு மூட்டையால் கிடைக்கும் கூடுதல் காசு எந்தத் திட்டத்தின் அறிக்கையிலும் "அஸ்வெசுமவின் பலன்" என்று எழுதப்படாது.

மார்கழியில் விற்கும் ஆடும் அப்படித்தான். அவசரத்துக்கு விற்கிறவருக்கு வாங்குகிறவர் சொல்வதுதான் விலை. அடகுக் கடையில் வைத்த தோடு மீளாமல் போவதும் அதே கதை. இவற்றுக்கெல்லாம் மேலே பத்து வட்டி. 20,000 ரூபாயைப் பத்து வட்டிக்கு எடுத்தால் மாதம் 2,000 வட்டி. ஐந்து மாதத்தில் 10,000 கட்டியாயிற்று, முதல் அப்படியே உட்கார்ந்திருக்கும். பெண்களைக் குழுவாக்கிக் கொடுத்த நுண்கடன்கள் வடக்கு கிழக்கில் எவ்வளவு தூரம் கழுத்தைப் பிடித்தன என்பது தெரிந்த கதை. 2018இல் அரசாங்கமே தலையிட்டு, வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்திருந்த ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்தது; வட்டிக்கு வருடம் 35 வீதம் என்று உச்சவரம்பும் வைத்தது. உச்சவரம்பே 35 என்றால் அதற்கு முன் இருந்ததை நீங்களே ஊகிக்கலாம்.

நெருக்கடி தலைக்குள்ளும் இடம் பிடிக்கிறது. தமிழ்நாட்டில் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. முடிவு 2013இல் வெளிவந்தது. ஒரே ஆளுக்கு, அறுவடைக்கு முன் கையில் காசில்லாத நேரத்தில் ஒருமுறையும், கரும்புக் காசு வந்த பின் ஒருமுறையும் அறிவுத்திறன் கணக்குகள் கொடுத்தார்கள். காசு வந்த பின் அதே ஆள் நன்றாகச் செய்தார். ஏழைகள் யோசிக்காமல் செலவழிக்கிறார்கள் என்று சொல்கிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். நாளைக்கு எதை அடகு வைப்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் தலையில், அடுத்த வருடத்தைப் பற்றி யோசிக்க எவ்வளவு இடம் மிஞ்சும்?

மாதாமாதமா, மொத்தமாகவா? எது நல்லது என்றால், எதற்கு என்பதைப் பொறுத்தது. மேலே சொன்ன கென்யா ஆய்வில் மாதக் காசு கிடைத்த வீடுகளில் சாப்பாடு சீரானது. மொத்தக் காசு கிடைத்த வீடுகளில் தகரமும் சாமான்களும் வந்தன. மொத்தக் காசைப் பற்றி நம் நாட்டிலேயே பேர் பெற்ற ஒரு ஆய்வு உண்டு. 2005இல் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சின்னச் சின்னத் தொழில் செய்தவர்களில் சிலரைக் குலுக்கலில் தேர்ந்து 10,000 அல்லது 20,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டாம் என்று கொடுத்தார்கள். போட்ட காசுக்கு மாதம் ஏறக்குறைய 5 வீதம் லாபம் வந்தது. எந்த வங்கி தரும் இதை? ஆனால் ஒரு சிக்கல்: அந்த லாபம் ஆண்களின் தொழிலில்தான் தெரிந்தது. பெண்களின் தொழிலில் சராசரியாக ஒன்றும் கூடவில்லை. பெண்களுக்கு வியாபாரம் வராது என்று இதை வாசித்துவிடாதீர்கள். பிற்பாடு வேறு ஆய்வாளர்கள் இந்தத் தரவுகளை இந்தியா, கானா தரவுகளோடு சேர்த்துப் பார்த்தபோது, மனைவிக்குக் கொடுத்த காசு வீட்டில் உள்ள இன்னொருவரின் தொழிலுக்குப் போய்விடுவதைக் கண்டார்கள். வீட்டில் அவர் மட்டுமே தொழில் செய்கிறவர் என்றால் லாபம் தெரிந்தது. இடியப்பம் அவிக்கும் அக்காவுக்கு வந்த காசு அண்ணனின் வலைக்குப் போன கதை நம் ஊர்களில் எத்தனை!

மாதக் காசை மொத்தக் காசாக்கும் வித்தை நம் பெண்களிடம் எப்போதோ இருக்கிறது. அதன் பெயர் சீட்டு. பத்துப் பேர் மாதம் 2,000 போட்டால் ஒவ்வொரு மாதமும் ஒருவர் கையில் 20,000. கூலி வேலைக் குடும்பத்தைச் சீட்டில் சேர்க்க மற்றவர்கள் தயங்குவார்கள். எந்த மாதம் கட்ட முடியாமல் போகுமோ என்ற பயம். நிச்சயமான காசு ஒன்று வருகிறது என்று தெரிந்தால் சேர்த்துக்கொள்வார்கள். சின்னம்மாவின் கடைப் பலகையில் நடக்கும் சீட்டில் இப்படிப் புதிதாகச் சேர்ந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் தன் முறைக்கு வந்த காசில் முட்டைக்கோழி வாங்கினார். பாதியைக் கீரி கொண்டுபோய்விட்டது, மிச்சம் முட்டையிடுகிறது. இன்னொருவர் மகளின் சாமத்தியச் சடங்குக்கு எடுத்தார். அதை வீண் என்று எழுத எனக்கு மனமில்லை; அடுத்த முறை அவசரத்துக்கு யார் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்பது அந்தச் சடங்கில் யார் யார் வந்தார்கள் என்பதையும் பொறுத்தது.

மொத்தக் காசு எப்போதும் சுகமாக முடியும் என்றில்லை. போருக்குப் பின் வடக்கு கிழக்கில் இந்திய வீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபாயைக் கட்டம் கட்டமாக வங்கியில் போட்டு, வீட்டுக்காரரே கட்டிக்கொள்ள விட்டது. நல்ல யோசனை. ஆனால் சாமான் விலை ஏறியபோது தொகை போதவில்லை. அடுத்த தவணை கிடைக்க இந்தக் கட்டம் முடிந்திருக்க வேண்டும் என்பதால் பலர் நகையை வைத்தும் வட்டிக்கு எடுத்தும் முடித்தார்கள். உதவி, கடனையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தது.

சரி, காசு கிடைக்காத பக்கத்து வீட்டுக்கு என்ன? ஊரில் எல்லோர் கையிலும் காசு புழங்கினால் விலை ஏறி மற்றவர்கள் அடிபட மாட்டார்களா? நியாயமான கேள்வி. இதையும் சியாயாவில் சோதித்தார்கள், இந்த முறை பெரிய அளவில்: 653 ஊர்கள், காசு பெற்ற வீடுகள் 10,500க்கு மேல், வீட்டுக்குச் சுமார் 1,000 டொலர். விலைவாசி ஏறியது 0.1 வீதம் அளவில்தான். உள்ளே வந்த ஒவ்வொரு டொலரும் அந்தப் பகுதிக்குள் கைமாறிக் கைமாறி ஏறக்குறைய இரண்டரை டொலர் பெறுமதியான பொருளாதாரத்தை உண்டாக்கியது. காசு கிடைக்காதவர்களின் செலவும் கூடியது, அவர்களுக்குக் கூலி வேலை கூடியதால். கொப்பியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது லேசாகப் புரியும். "அஸ்" வந்த கிழமை சின்னம்மா மூதூர்ச் சந்தைக்குப் போய் மொத்தமாகச் சாமான் எடுப்பார். ஓட்டோக்காரத் தம்பிக்கு ஓட்டம், முட்டை கொண்டுவரும் அக்காவுக்குக் கைக்காசு.

விலை வெளியிலிருந்து ஏறினால் கதை வேறு. 2022 புரட்டாதியில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலைகள் ஒரு வருடத்தில் 94.9 வீதம் ஏறியிருந்தன. போன வருடம் 100 ரூபாய்க்கு வாங்கியது 195 ரூபாய். அப்படிப்பட்ட நாளில் ரூபாயில் நிலையாக நிற்கும் உதவி வெயிலில் வைத்த ஐஸ் கட்டி மாதிரி. கடையே இல்லாத இடத்திலும் காசுக்கு மதிப்பில்லை. 2004 சுனாமி முடிந்த முதல் நாட்களில் கிண்ணியாவிலும் மூதூரிலும் காசை வைத்துக்கொண்டு யார் என்ன செய்திருக்க முடியும்? தேவைப்பட்டது சோற்றுப் பார்சலும் தண்ணீரும். பிறகு அரசாங்கம் ஒரு ஆளுக்குக் கிழமைக்கு 375 ரூபாய் என்று கொடுத்தபோது அதில் 200 காசாகவும் 175 உணவுப் பொருளாகவும் இருந்தது. காசா பொருளா என்று கட்சி கட்டுவதை விட அந்த ஊரில் கடை திறந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

காசால் முடியாதவையும் இருக்கின்றன. சியாயாவில் காசு பெற்ற குடும்பங்களில் ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் தொகை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2025இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. ஆனால் அந்தப் பலன், வைத்தியர் இருக்கும் நிலையத்துக்குக் கிட்ட இருந்த வீடுகளில்தான் பெரிதாகத் தெரிந்தது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும் வரை கடல்நீரேரியைக் கடக்கப் பாதை என்ற மிதவைப் படகை நம்பி இருந்த ஊர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வலி எடுத்த பெண்ணின் கையில் பத்தாயிரம் இருந்தாலும் பாதை அக்கரையில் நின்றால் நின்றதுதான்.

நிபந்தனை வைப்பதைப் பற்றி ஒரு சொல். மலாவி நாட்டில் பாடசாலைக்குப் போனால்தான் காசு என்று ஒரு தொகுதிப் பெண் பிள்ளைகளுக்கும், எந்த நிபந்தனையும் இல்லாமல் இன்னொரு தொகுதிக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். படிப்பில் நிபந்தனை வென்றது. இளவயதுத் திருமணமும் கர்ப்பமும் குறைந்தது நிபந்தனை இல்லாத பக்கத்தில். பாடசாலையை விட்ட பிள்ளைக்குத்தான் காசு அதிகம் தேவைப்படுகிறது; நிபந்தனை அவளைத்தான் முதலில் வெளியே தள்ளுகிறது.

பிறகு, பட்டியல். 2023 ஆனியில் அஸ்வெசும பெயர்ப் பட்டியல் வெளிவந்ததும் நாடெங்கும் பிரதேச செயலகங்களின் முன் கூட்டம், லட்சக்கணக்கில் மேன்முறையீடுகள். கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப நிலை என்று ஆறு பிரிவில் 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போடுகிறார்கள். விதானையாரின் முகம் பார்த்துக் கொடுப்பதை விட இது நேர்மை என்று நானும் நினைக்கிறேன். ஆனால் புள்ளிக்குத் தெரியாதது ஒன்று உண்டு. 2006இல் போரால் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து பத்து வருட அளவில் முகாமிலும் சொந்தக்காரர் வளவிலும் இருந்துவிட்டுத் திரும்பி வந்த குடும்பத்துக்கு இன்று கல் வீடு இருக்கலாம். வீட்டுத் திட்டத்தில் கிடைத்த வீடு. சுவரைப் பார்த்தால் வசதி. உள்ளே போனால் பாயும் இரண்டு சட்டியும். பக்கத்து ஓலைக் குடிசைக்காரர் கடலுக்குப் போய் நாலு காசு பார்ப்பவராக இருக்கலாம். பெயர் வந்தவரும் வராதவரும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ள வேண்டும். அந்தக் கோபம் கொடுக்கும் அலுவலகத்தின் மீது போவதை விடப் பக்கத்து வீட்டின் மீதுதான் அதிகம் போகிறது.

நான் கடையில் இருந்தபோதே "வேம்படி" அக்கா வந்தார். வங்கியிலிருந்து நேரே வந்த களைப்பு. கையில் மடித்த பாஸ் புத்தகம். காசை எண்ணிப் பலகையில் வைத்தார். சின்னம்மா இன்னொரு முறை எண்ணி, கொப்பியில் "அஸ் 6,500" என்று எழுதி, கீழே கோடு போட்டார். மிச்சம் 840 நின்றது. அக்கா அதை எட்டிப் பார்த்துவிட்டு மேல் தட்டைக் காட்டினார்.

"அந்தப் பால்மாப் பக்கற்றில ஒண்டு தா தங்கச்சி. சின்னதில்ல, 400 கிராம்."

சின்னம்மா பக்கற்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, கோட்டுக்குக் கீழே பேனையை வைத்தார்.